ஒரு லட்சம் ரூபாய் கார்: அந்த எண்தான் நானோவைக் கவிழ்த்ததா?

#1 ஸ்டெப்னி

2025 செப்டம்பரில் சின்னக் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதத்துக்கு இறங்கியதிலிருந்து எந்தப் பேப்பரைப் பிரித்தாலும் விலைதான் கண்ணில் குத்துகிறது. மாருதியின் எஸ்-பிரெஸ்ஸோ 3.49 லட்சம் முதல், ஆல்டோ கே10 3.69 லட்சம் முதல் என்று எண் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்க, காரின் படம் ஒரு மூலையில் கிடக்கிறது. என் மைத்துனர் முதல் கார் வாங்கப் போகிறார். கையில் இருப்பது இந்தப் பணம்தான். விளம்பரத்தைக் காட்டினால் "இதை வாங்கினா ஊர்ல என்ன மாமா சொல்வாங்க" என்கிறார். வண்டி எப்படி ஓடும், மைலேஜ் எவ்வளவு என்று ஒரு கேள்வி இல்லை.

அதனால்தான் இந்த இழை. குறைந்த விலையைக் கொட்டை எழுத்தில் போடுவது ஆளை உள்ளே இழுக்கிறதா, வாசலோடு திருப்பி அனுப்புகிறதா? ஒரு லட்ச ரூபாய்க் கார் என்று டாடா கம்பெனி கொண்டுவந்த நானோவிலிருந்து ஆரம்பிக்கலாம். என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: அதைக் கவிழ்த்தது 'ஒரு லட்சம்' என்கிற பேச்சுதான்.

#2 டாப்கியர் தம்பி

நல்ல கதை அண்ணா. 624 சிசி எஞ்சின், இரண்டே சிலிண்டர், அதுவும் பின்பக்கம். டிக்கி கதவு திறக்காது, பின் சீட்டை மடக்கித்தான் சாமானைத் திணிக்கணும். பெட்ரோல் போட முன்னாடி பானட்டைத் திறக்கணும். முன் கண்ணாடிக்கு ஒரே வைப்பர். பேஸ் மாடலில் இடது பக்க மிரரே கிடையாது. 2009, 2010ல் சில வண்டிகள் தீப்பிடித்த படம் டிவியில் ஓடியது. இத்தனையும் இருக்கும்போது விளம்பரத்தின் மேல் பழியைப் போட்டால் எப்படி? விலையைச் சொல்லாமலே விற்றிருந்தாலும் இதே கதிதான்.

#3 பழைய சேல்ஸ்மேன்

ரொம்ப வருஷம் கார் ஷோரூம்களில் விற்பனையில் இருந்தவன் நான். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள்.

தம்பி அடுக்கிய குறை எல்லாம் உண்மை. ஆனால் முன்பதிவுக் கணக்கைப் பாருங்கள். 2009 ஏப்ரலில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் பணம் கட்டினார்கள். முதல் ஒரு லட்சம் பேரைக் குலுக்கல் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். கம்பெனி வெளியிட்ட விவரப்படி, வந்தவர்களில் பாதிப் பேர் கேட்டது இருப்பதிலேயே மேலான எல்எக்ஸ். 30 சதவீதம் பேர் நடுவில் இருந்த சிஎக்ஸ். ஊரே பேசிய அந்த ஏசி இல்லாத ஒரு லட்ச ரூபாய் வண்டியைக் கேட்டவர்கள் 20 சதவீதம்தான். ஐந்தில் நாலு பேர் கூடுதல் பணம் கொடுக்கத் தயாராக வந்திருக்கிறார்கள். ஆனால் தெருவில் அவர்களுக்கும் கிடைத்த பட்டம் 'ஒரு லட்ச ரூபா வண்டிக்காரர்'.

வேறு எந்தக் காரை வாங்கினாலும் பக்கத்து வீட்டுக்காரர் "எவ்வளவு ஆச்சு?" என்பார். நாம் கொஞ்சம் கூட்டிச் சொல்லலாம், "எல்லாம் சேர்த்து ஒரு அஞ்சு கிட்ட வந்துடுச்சு" என்று மழுப்பலாம். நானோக்காரருக்கு அந்த வசதியே இல்லை. அவரிடம் யாரும் விலை கேட்கவே வேண்டாம், பால்காரர் வரைக்கும் தெரியும்.

ஆனால் இதை எந்த வாடிக்கையாளரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். "டிக்கி திறக்காதாமே" என்பார். "கொடைக்கானல் ஏறுமா?" என்பார். அப்புறம் எழுந்து போய் அதே பணத்துக்கு ஓடித் தேய்ந்த பழைய ஆல்டோவை வாங்குவார். பெண்ணுக்குச் சீராகக் கார் கொடுக்கிற வீட்டில் நானோவை யோசித்து நான் பார்த்ததே இல்லை. செலவு மிச்சம்தானே என்று தோன்றும். மிச்சம் பிடித்தது சம்பந்தி வீட்டுக்கு அன்றைக்கே தெரிந்துவிடுமே!

#4 லெட்ஜர்

உணர்ச்சி போதும், எண்ணுக்கு வருவோம். 2010 நவம்பரில் நாடு முழுக்க விற்ற நானோ 509. அதற்கு அப்புறம் நாலு வருஷ வாரண்டி, சுலபக் கடன், மாதம் 99 ரூபாய்க்குப் பராமரிப்பு ஒப்பந்தம் என்று இறங்கினார்கள். டிசம்பரிலேயே விற்பனை ஐயாயிரத்தைத் தாண்டியது. 2011 ஏப்ரலில் பத்தாயிரத்தைத் தொட்டது. நானோ அதிகம் விற்ற ஆண்டு 2011-12, மொத்தம் 74,527. பெயர் கெட்டுப்போன வண்டி மூன்றாவது வருஷத்தில் உச்சத்துக்குப் போகுமா?

அடி விழுந்த இடம் சிங்கூர். நானோவுக்காக அங்கே ஆலை கட்டிக்கொண்டிருந்தார்கள், நிலத்துக்காகப் போராட்டம் வெடித்தது. 2008 அக்டோபரில் மேற்கு வங்கத்தை விட்டுக் கிளம்பினார்கள். குஜராத்தின் சாணந்தில் ஆலை திறந்தது 2010 ஜூனில். இடையில் பந்த்நகரில் இருந்த தங்கள் இன்னொரு ஆலையில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து கொடுத்தார்கள். ஜனங்கள் ஆசையோடு நின்றபோது வண்டி இல்லை, வண்டி வந்தபோது ஆசை ஆறிவிட்டது. சாணந்தின் ஆண்டுத் திறன் இரண்டரை லட்சம். மூன்றில் ஒரு பங்கைக்கூட எந்த வருஷமும் எட்டவில்லை. அந்த நிலைமையில் ஒரு வண்டிக்கு ஆகும் செலவு எப்படிக் குறையும்?

#5 ஸ்டெப்னி

லெட்ஜர் சார், வசதியான இடத்தில் நிறுத்திவிட்டீர்களே. 2013-14ல் எவ்வளவு? இருபதாயிரத்துச் சொச்சம். அப்போது ஆலை இருந்தது, கடன் கிடைத்தது, காத்திருக்காமல் வண்டியும் கிடைத்தது. சிங்கூரும் பழங்கதை ஆகிவிட்டது.

கடனும் வாரண்டியும் ஏற்கெனவே மனசு வைத்திருந்தவர்களைக் கொண்டுவந்தன, அவ்வளவுதான். மனசே வைக்காதவர்களை என்ன செய்வது? மழையில் நனைந்தபடி ஒரே ஸ்கூட்டரில் போன குடும்பத்தைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது என்று ரத்தன் டாடா பல முறை சொல்லியிருக்கிறார். 2008 ஜனவரி 10 அன்று டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில், கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த ஒரு லட்சத்தை அவர் அறிவித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது. சரி, அந்த ஸ்கூட்டர் குடும்பம் அதை எப்படிக் கேட்டிருக்கும்? 'பாவம், உங்களால் இவ்வளவுதானே முடியும்' என்றுதானே? அவர் மனசு நல்ல மனசுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தக் கதையைச் சொல்லி விற்ற வண்டியை வாசலில் நிறுத்தினால், நம்மைப் பார்த்து யாரோ இரக்கப்பட்டார்கள் என்று போர்டு மாட்டின மாதிரி.

2013ல் சிஎன்பிசி பேட்டியில் அவரே இதைத் தொட்டார். இருப்பதிலேயே மலிவான கார் என்ற பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது துரதிர்ஷ்டம், அதில் கம்பெனியின் விளம்பரத்துக்கும் பங்கு உண்டு என்கிற பொருளில் பேசினார்.

#6 பத்மினி பெரியவர்

விலை குறைவாக இருந்தாலே மதிப்பு போய்விடும் என்றால் மாருதி 800 எப்படி ஜெயித்தது? 1983 டிசம்பர் 14 அன்று டெல்லியில் முதல் வண்டியின் சாவியைக் கொடுத்தவர் பிரதமர் இந்திரா காந்தி. விலை ஐம்பதாயிரத்தை ஒட்டி. அம்பாசடரைவிடக் குறைச்சல். அதை வாங்கினவனை ஒருத்தரும் ஏழை என்று சொல்லவில்லை. "புக் பண்ணிட்டீங்களா, எப்ப வருது?" என்று பொறாமையோடு கேட்டார்கள். என் பிரீமியர் பத்மினி காரை அவன் தாண்டிப் போகும்போது எனக்குத்தான் கூச்சமாக இருந்தது.

#7 டாப்கியர் தம்பி

ஐயா, அன்றைக்குக் கடையில் இருந்ததே ரெண்டு மூணு வண்டிதான். அதில் ஜப்பான் எஞ்சினோடு ஒன்று வந்தால் தலையில் தூக்கி வைத்துத்தானே ஆடுவார்கள்.

#8 பத்மினி பெரியவர்

அதைத்தானப்பா நானும் சொல்கிறேன். ஜனங்கள் பேசியது ஜப்பான் எஞ்சினைப் பற்றி. விலை அப்புறம்தான் பேச்சில் வரும். நானோவைப் பற்றி உன் அப்பாவிடம் கேள். அவர் வாயில் முதலில் வருவது எஞ்சினா, ஏசியா, ஒரு லட்சமா?

இன்னொன்று. 2011ல் ஒரு நானோவுக்கு 80 கிலோ தங்கத்தை இழைத்து மும்பையில் காட்சிக்கு வைத்தார்கள். மதிப்பு 22 கோடி என்றார்கள். நகைக்கடை விளம்பரத்துக்காகச் செய்தது என்றாலும், அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மலிவு என்ற பெயரைத் துடைக்க இவ்வளவு தங்கமா!

#9 கொழும்பான்

வணக்கம் எல்லோருக்கும். எங்கட பக்கத்துக் கதையையும் சொல்கிறேன். இலங்கைக்கு நானோ 2011 இல் வந்தது. இறக்குமதி வரியெல்லாம் சேர்த்து எங்கட காசில் ஒன்பது லட்சத்துக்கு மேல். ஆகவே இங்கே அதை ஒருவரும் ஒரு லட்சம் ரூபாய்க் கார் என்று சொன்னதில்லை. கொழும்பில் மீற்றர் போட்டு ஓடிய சின்ன ரக்சி என்றால் கனபேருக்கு முதலில் ஞாபகம் வருவது நானோதான். ஓட்டோவில் மழைக்கு நனைந்து போவதை விட இது எவ்வளவோ மேல் என்றுதான் சனம் ஏறியது. ரக்சி என்ற பெயர் விழுந்ததால் வீட்டுப் பாவனைக்கு வாங்கச் சிலர் யோசித்தது உண்மை. ஆனால் ஏளனம் இருக்கவில்லை. கார் அதே கார்தான் அண்ணை, அந்த விலைக் கதை மட்டும் எங்களிட்ட வரவில்லை.

#10 ஸ்டெப்னி

இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது. நன்றி கொழும்பான்!

#11 லெட்ஜர்

சாட்சி அவ்வளவு சுத்தம் இல்லை. அங்கே எல்லாக் காருக்கும் வரி ஏறி விலை எங்கோ நிற்கும். எந்தக் கார் வைத்திருந்தாலும் மரியாதைதான்.

#12 நானோ அக்கா

தலைப்பைப் பார்த்ததும் வந்தேன். எங்கள் வீட்டில் இன்றும் நானோதான். மயிலாப்பூர் சந்துகளில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நாலு மீட்டர் ஆரத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடும். மாமியாருக்கு முட்டிவலி. தாழ்வான கார்களில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஒரு கை வேண்டும், இதில் சீட் உயரம் என்பதால் தானே ஏறி இறங்குகிறார். மாருதி 800ஐவிட நீளம் குறைவு, உள்ளே இடம் அதிகம். உயரமானவர்கள்கூடத் தலை இடிக்காமல் உட்காரலாம்.

இதில் ஒன்றுகூட விளம்பரத்தில் வந்து நான் பார்த்ததில்லை. முதலில் விலை, விலை என்றார்கள். அப்புறம் இளைஞர்களுக்கான ஸ்டைல் வண்டி என்று கலர் கலராகக் காட்டினார்கள். முட்டிவலிக்காரர்களுக்கு ஏற்ற கார் என்று ஒரே ஒரு விளம்பரம் கொடுத்திருந்தால் எங்கள் தெருவிலேயே பத்து போயிருக்கும்.

இமேஜ் பற்றிக் கேட்டால், கல்யாண மண்டப வாசலில் வண்டியை வாங்கி நிறுத்தும் பையன் சாவியை வாங்காமல், "மேடம் நீங்களே அந்த ஓரமா விட்டுடுங்க" என்பான். அவ்வளவுதான் எனக்கு நடந்த அவமானம். யாரும் இன்பாக்ஸில் விலை கேட்க வேண்டாம், விற்கவில்லை.

#13 ஓரகடம் ரோடு

இமேஜா வண்டியா என்ற சண்டைக்கு சென்னைக்குப் பக்கத்தில் நம்ம ஓரகடத்திலேயே ஒரு பரிசோதனை நடந்தது. யாரும் திட்டமிட்டு நடத்தவில்லை, தானாக நடந்தது.

ரெனோ-நிஸ்ஸான் ஆலையில் ஒரே அடித்தளக் கட்டமைப்பில் (பிளாட்பாரம்) இரண்டு கார்கள் செய்தார்கள். ஒன்று ரெனோ க்விட், 2015 செப்டம்பரில் 2.57 லட்சத்துக்கு வந்தது. இன்னொன்று டட்சன் ரெடி-கோ, 2016 ஜூனில் 2.38 லட்சத்துக்கு. இரண்டிலும் அதே 799 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின், அதே 54 குதிரைத் திறன். தம்பி சொன்ன அந்த ஒற்றை வைப்பர் இரண்டிலும் உண்டு. நானோ சக்கரத்தில் மூன்றே நட் என்று சிரித்தார்களே, இவை இரண்டிலும் மூன்று நட்தான்.

பேப்பரில் பார்த்தால் விலை குறைந்த ரெடி-கோ ஜெயித்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். க்விட் 2016 முடிவதற்குள் லட்சத்தைத் தாண்டிவிட்டது. ரெடி-கோ அதன் பக்கத்திலேயே வர முடியவில்லை. 2022ல் டட்சன் என்ற பெயரையே மூடிவிட்டார்கள்.

க்விட்டுக்கு எஸ்யூவி மாதிரி நிமிர்ந்த மூக்கு, சக்கர வளைவில் கறுப்புப் பட்டை, மேல் மாடலில் ஏழு அங்குலத் தொடுதிரை. விளம்பரத்தில் முதலில் நின்றது அந்தத் தோற்றம். விலை கடைசியில் வரும், வந்ததும் "அட, இவ்வளவுதானா!" என்று தோன்றும். டட்சனோ ஆரம்பத்திலிருந்தே நிஸ்ஸான் வாங்க முடியாதவர்களுக்கு நிஸ்ஸான் கொடுக்கிற தனிப் பெயர் என்று அறிமுகமானது. பழைய ஜப்பான் பெயர்தான், அதற்கென்று ஒரு பெருமை உண்டு. ஆனால் இந்தியாவில் அது கீழ்ப்படிக்கட்டு என்ற அர்த்தத்தில்தான் வந்து இறங்கியது. கிட்டத்தட்ட ஒரே விலைதான், ஒருத்தர் முதல் வரியில் சொன்னார், இன்னொருத்தர் கடைசி வரியில் சொன்னார்.

#14 டாப்கியர் தம்பி

க்விட் பார்க்க நன்றாக இருந்தது, விற்றது. இதுவும் வண்டிதானே, விளம்பரம் எங்கே வந்தது? ரெடி-கோவின் முகத்தைப் பார்த்தீர்களா?

அப்புறம் பாதுகாப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2014ல் குளோபல் என்கேப் என்கிற மோதல் பாதுகாப்புச் சோதனையில் நானோவுக்குப் பூஜ்ய ஸ்டார்.

#15 ஓரகடம் ரோடு

2016ல் அதே சோதனையில் க்விட்டுக்கும் பூஜ்யம்தான் தம்பி. அது பாட்டுக்கு விற்றுக்கொண்டே இருந்தது. அந்தக் காலத்தில் ஸ்டார் பார்த்து வாங்கியவர்கள் கொஞ்சம்தான். முகத்தைப் பற்றி நீ சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், அதுவும் இமேஜ்தானே.

#16 மிட்லண்ட்ஸ் மணி

இங்கே இங்கிலாந்தில் பார்க்கிறது வேறு மாதிரி. 2013ல் ரெனோ கம்பெனியின் மலிவு விலை பிராண்டான டேசியாவின் சாண்டெரோ 5,995 பவுண்டுக்கு வந்தது. அந்த அடிமட்ட மாடலில் ரேடியோ கிடையாது, ஏசி கிடையாது, வெள்ளை நிறம் மட்டும், பம்பர் பெயின்ட் அடிக்காத கறுப்பு. விலையைத்தான் கத்திச் சொன்னார்கள். ஆனால் அது அவமானம் ஆகவில்லை. ஐரோப்பாவில் சொந்தப் பணத்தில் கார் வாங்குகிறவர்களிடையே 2017லிருந்து சாண்டெரோதான் முதலிடம். 2024ல் எல்லா வகை விற்பனையையும் சேர்த்தே முதலிடம். பிரான்சில் டேசியா சொந்தக்காரர்கள் ஆயிரக்கணக்கில் கூடிப் பிக்னிக் நடத்தியிருக்கிறார்கள்.

இதே டேசியாவின் லோகன்தான் 2007ல் மஹிந்திரா கூட்டில் இந்தியாவுக்கு வந்து டாக்ஸி ஸ்டாண்டில் போய் நின்றது. அதனால் ஸ்டெப்னி சொல்கிற விதி எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

அமெரிக்காவில் இன்னொரு மாதிரி. 1985ல் யூகோஸ்லாவியாவிலிருந்து யூகோ என்ற கார் 3,990 டாலருக்குப் போனது. இன்றுவரை ஜோக்காகத்தான் வாழ்கிறது: பின்கண்ணாடிக்கு ஹீட்டர் எதற்கு, தள்ளும்போது கை சூடாக இருக்கத்தான். அடுத்த வருஷம் ஹூண்டாய் எக்செல் 4,995 டாலருக்கு வந்து முதல் வருஷமே ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது. தரம் சரியில்லாததால் அப்புறம் அதுவும் கேலிக்கு ஆளானது. அதைக் கழுவ 1990களின் கடைசியில் பத்து வருஷ வாரண்டி கொடுக்க வேண்டியிருந்தது. எண் சின்னதாக இருந்தால் ஜனங்கள் முதலில் வருவார்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ரிப்பேரும் 'அந்த விலைக்கு வேற எப்படி இருக்கும்' என்ற பேச்சாகிவிடும்.

#17 பழைய சேல்ஸ்மேன்

மணி சாருக்கு நன்றி. டேசியா விஷயத்தில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. அங்கே சாண்டெரோ வாங்குகிறவரைப் பார்த்தால், இன்னும் நல்ல காரும் வாங்கக் கூடியவர்தான், வீண் செலவு வேண்டாம் என்று இதை எடுத்திருக்கிறார் என்று நினைப்பார்கள். அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் தெரிகிறது. நம்ம ஊரில் நானோ வாங்கினவரைப் பார்த்து அப்படி நினைத்தவர் யார்? வேறு எதுவும் வாங்க முடியாமல் இதை வாங்கினார் என்றுதானே நினைத்தார்கள். பெரிய காருக்குப் பக்கத்தில் இரண்டாவது வண்டியாக நானோ வைத்திருந்த டாக்டர்களுக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை, கவனித்திருக்கிறீர்களா? பெருமையாகவே ஓட்டுவார்கள்.

முதல் கார் வாங்குகிறவர்தான் பயப்படுவார். பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் நசுக்கி, சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் காட்டப் போகிற வண்டி அது.

#18 லெட்ஜர்

இமேஜ் பக்கத்தை இனி மறுக்கவில்லை, ஆனால் என் சிங்கூரை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

விளம்பர விலைக்கு இன்னொரு கெடுதல் உண்டு. ஒரு லட்சம் என்பது ஷோரூம் விலைகூட இல்லை. வரியும் வண்டிக்கூலியும் சேர்ந்ததும் பேஸ் மாடலே 1.2 லட்சத்தைத் தாண்டியது. அதற்கு மேல் சாலை வரி, இன்சூரன்ஸ். 2018 வாக்கில் நானோ இரண்டு லட்சத்துக்கும் மேல். கொடுத்தது அவ்வளவு, பெயர் என்னவோ ஒரு லட்சம்.

இப்போதைய விளம்பரமும் அப்படித்தான். 3.49 லட்சம் என்பது ஷோரூம் விலை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஐந்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 12 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 42 ஆயிரம். மூன்று வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், பதிவுக் கட்டணம் வேறு. ஷோரூமில் உட்கார்ந்ததும் நாலு லட்சத்துக்குப் பக்கத்தில் பேச்சு ஆரம்பிக்கும்.

#19 ஸ்டெப்னி

சரி, மைத்துனருக்கு என்ன சொல்ல? அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகிறேன். நாலரைக்கு மேல் ஒரு ரூபாய் கிடையாது.

#20 பழைய சேல்ஸ்மேன்

விளம்பரத்தில் இருக்கிற மாடலைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் டிஸ்ப்ளேயில் இருக்காது, மேல் மாடல்தான் பளபளவென்று நிற்கும். பேஸில் என்னென்ன இல்லை என்று எழுதி வாங்குங்கள். ஆடியோ, பவர் விண்டோ, சென்ட்ரல் லாக் மூன்றையும் வெளியே போட என்ன ஆகும் என்று கூட்டிப் பாருங்கள். பல நேரம் அடுத்த மாடலே லாபமாக இருக்கும். எல்லாச் செலவும் சேர்ந்த ஆன்ரோடு கொட்டேஷனில் 'ஹேண்ட்லிங்', 'ஆக்சசரீஸ் பேக்' என்று ஏதாவது சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். இன்சூரன்ஸை வெளியிலும் விசாரியுங்கள்.

அப்புறம், கலரை மைத்துனரின் மனைவியிடம் விட்டுவிடுங்கள். ஊரைப் பற்றி அவர் இவ்வளவு யோசிக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

#21 நானோ அக்கா

மைத்துனரின் அம்மாவையும் கூட்டிப் போங்கள். பின் சீட்டில் உட்கார்ந்து எழுந்து பார்க்கச் சொல்லுங்கள்.